பண்டகசாலையில் கண்ட கலைவிழா

பண்டகசாலை என்றதும் கூட்டுறவுத் துறையில் பணிபுரியும் எங்களைப் போன்றோர் மனக்கண்முன் வருவது ஒரே காட்சிதான். கம்பி அடித்த சன்னல், உத்தரம்வரை அடுக்கிய மூட்டைகள், மூலையில் ஒரு தராசு, மேசைமீது இருப்புப் பதிவேடு. பதிவேட்டில் உள்ள எண்ணும் அடுக்கில் உள்ள எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக் கையொப்பமிடுவதோடு எங்கள் கடமை முடிந்துவிடும். 2019ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் நான் சென்று கண்ட பண்டகசாலை இவ்வகையைச் சேர்ந்ததன்று. அங்கே மூட்டைகள் இல்லை. பதிவேடு மட்டும் இருந்தது. அதுவும் தாளில் இல்லை, கொடியில் உலர்த்திய சட்டைகளின்மேல் எழுதப்பட்டிருந்தது. அதைப் பற்றி நம் சங்கங்களின் அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

உண்மையில் நாங்கள் கலைவிழா காணப் புறப்பட்டவர்கள் அல்லர். 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் தாக்கியது நேயர்களுக்கு நினைவிருக்கும். 1924க்குப் பின் அம்மாநிலம் அத்தகைய வெள்ளத்தைக் கண்டதில்லை. நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெரியாறு பெருகியதால் எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் தறிகளும் நூலும் நீரில் மூழ்கின. (இது நம் நாமக்கல் பக்கத்துச் சேந்தமங்கலம் அன்று; வடக்குப் பரவூருக்கு அருகில் உள்ளது.) ஓணம் பண்டிகைக்கென நெய்து அடுக்கி வைத்திருந்த வேட்டிகளும் புடவைகளும் பண்டிகைக்குச் சில நாள் முன்பாகச் சேற்றில் புதைந்தன. அச்சங்கங்கள் எவ்வாறு மீண்டெழுகின்றன என்று நேரில் காணும் பொருட்டு எங்கள் சரகத்திலிருந்து மூவர் ஈரோட்டில் இரயில் ஏறினோம். ஒருவர் சென்னிமலைப் பக்கத்து நெசவாளர் சங்கத் தலைவர். எழுபதை நெருங்கும் பெரியவர். பத்து வயது முதல் தறியில் அமர்ந்தவர். மற்றவர் விற்பனைச் சங்கமொன்றின் நிர்வாகக் குழு உறுப்பினர், மஞ்சள் விவசாயி. மூன்றாமவன் நான்.

ஞாயிற்றுக்கிழமையாயினும் சேந்தமங்கலத்து அன்பர்கள் சங்கத்தைத் திறந்து காட்டினர். மறுநாள் இரவுதான் எங்களுக்கு வண்டி. பகல் முழுதும் என் செய்வதென்று யோசித்தபோது, அங்கிருந்த இளைஞர் ஒருவர், "கோட்டைக் கொச்சியில் பியனாலே நடக்கிறது, போய்ப் பாருங்கள், திங்கட்கிழமை கட்டணம் இல்லை" என்றார். கட்டணம் இல்லை என்ற சொல் எங்கள் மூவருக்கும் ஒருங்கே இனித்தது. எர்ணாகுளம் படகுத்துறையில் அரசுப் படகேறிக் காயலைக் கடந்து சென்றோம்.

பியனாலே என்பது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைவிழாவுக்கு இத்தாலியர் இட்ட பெயர். கொச்சியில் நடப்பதற்குக் கொச்சி–முசிறிஸ் பியனாலே என்று பெயர். 2012 டிசம்பர் 12 அன்று முதல் விழா தொடங்கிற்று. போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரு ஓவியர்கள் அதனை முன்னின்று நடத்தினர். நாங்கள் கண்டது நான்காவது விழா. அதற்கான கலைஞர்களையும் படைப்புகளையும் தேர்ந்தெடுத்தவர் அனிதா துபே. அப்பொறுப்பை ஏற்ற முதல் பெண்மணி அவரே. முசிறி என்ற பெயர் நமக்குப் புதிதன்று. யவனரின் கப்பல்கள் மிளகு நாடி வந்த அச்சேரர் துறைமுகத்தைப் பற்றி அகநானூற்றிலும் புறநானூற்றிலும் பாட்டுண்டு. 1341இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் அத்துறை தூர்ந்து, கொச்சித் துறை திறந்தது என்பர். வெள்ளம் ஒரு துறையை மூடி இன்னொன்றைத் திறந்த கதையைப் படகில் நான் சொல்லிக்கொண்டு வந்தபோது, மஞ்சள் விவசாயி, "அப்பவும் வெவசாயிக்கு என்ன வெலை கெடைச்சுதுன்னு எழுதி வெக்கலீங்களா?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

விழாவின் தலைமை இடம் ஆஸ்பின்வால் மாளிகை. மாளிகை என்பது மரியாதைக்குச் சொல்வது. 1867இல் ஜான் ஆஸ்பின்வால் என்ற ஆங்கிலேய வணிகர் நிறுவிய கம்பெனியின் கிட்டங்கிகளும் அலுவலகமும் அதிகாரிகளின் குடியிருப்பும் சேர்ந்த பெரிய வளாகம் அது. தேங்காயெண்ணெய், மிளகு, மரம், எலுமிச்சம்புல் எண்ணெய், இஞ்சி, மஞ்சள், தோல் ஆகியவையும், பின்னாளில் கயிறு, காப்பி, தேயிலை, இரப்பர் ஆகியவையும் இக்கிட்டங்கிகள் வழியாகக் கப்பலேறின. கனத்த சுவர், உயர்ந்த ஓட்டுக் கூரை, வெட்டுக்குறி தெரியும் உத்தரங்கள், கடலைப் பார்த்த வாயில்கள். வாயிலில் நின்றால் கப்பல்கள் கைக்கெட்டும் தொலைவில் செல்வதுபோல் தோன்றும். கலையைக் காணுமுன் நாங்கள் கட்டடத்தையே அரைமணி நேரம் பார்த்தோம். விவசாயி கைத்தடியால் தரையைத் தட்டி, ஈரம் ஏறாதபடி தளம் போட்டிருக்கிறார்கள் என்று பாராட்டினார். விரலி மஞ்சளையும் கிழங்கு மஞ்சளையும் இங்கே தனித்தனியே அடுக்கியிருப்பார்களா என்பது அவருக்கு இருந்த ஐயம்.

முதலில் நுழைந்த கூடங்களில் ஒன்று எங்களைத் திகைக்கச் செய்தது. வங்காளதேசத்துக் கலைஞர் மார்சியா ஃபர்ஹானா அமைத்தது. வெள்ளத்தில் நாசமான வீட்டுச் சாமான்களைத் திரட்டி வந்து கூடம் முழுதும் தொங்கவிட்டிருந்தார். குளிர்ப்பெட்டிகள், தொலைக்காட்சிப் பெட்டிகள், நாற்காலிகள், ஊறிப் பருத்த புத்தகங்கள் எல்லாம் அந்தரத்தில் நின்றன. வெள்ளத்தில் மிதந்த பொருள்கள் நீர் வடிந்த பின்னும் கீழிறங்க மறந்து நிற்பதுபோல் இருந்தது. முந்திய நாள் சேந்தமங்கலத்தில், சுவரில் நீர் நின்ற உயரத்தைக் கோடாகக் கண்டு வந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. பெரியவர் மட்டும், "இதையெல்லாம் குடுத்தவங்க திரும்ப வாங்கீட்டாங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

சேந்தமங்கலத்தின் பேச்சு வந்ததால் அங்கே அறிந்த ஒன்றையும் கூறிவிடுகிறேன். கரிம்பாடம் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் சேறு படிந்த சேலைகள் விற்க இயலாதவையாகிக் குவிந்து கிடந்தன. என் போன்ற ஆய்வாளன் சென்றிருந்தால், சேதமடைந்த சரக்கு என்று பட்டியலிட்டு, நட்டக் கணக்கில் தள்ளப் பரிந்துரைத்துத் திரும்பியிருப்பான். லட்சுமி மேனன், கோபிநாத் பாறையில் என்ற இருவர் வேறு விதமாக எண்ணினர். சேலைகளைக் கொதிக்க வைத்துக் கிருமி நீக்கி, சிறு துண்டுகளாக்கி, கைவிரல் நீளப் பொம்மைகள் செய்வித்தனர். சேற்றிலிருந்து மீண்ட குழந்தை என்ற பொருளில் சேக்குட்டி என்று பெயரிட்டனர். 1,300 ரூபாய் விலையுள்ள ஒரு சேலையிலிருந்து 360 பொம்மைகள் கிடைத்தன. ஒன்று 25 ரூபாய் வீதம் 9,000 ரூபாய். கறையைப் போக்க அவர்கள் முயலவில்லை, கறையோடே விற்றனர். மாநிலமெங்கும் தன்னார்வலர் அமர்ந்து பொம்மை கட்டினர். பணம் நெசவாளருக்குச் சென்றது. தணிக்கைக் கையேட்டில் இதற்கு ஒரு பத்தி எழுத வேண்டுமென்று பெரியவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

நிற்க. விழாவில் கண்ட யாவும் எங்களுக்குப் புரிந்தன என்று சொல்வது பொய்யாகும். இருட்டறைகளில் ஓடிய திரைப்படங்களில் பலவற்றைப் பாதியில் விட்டு வெளியே வந்தோம். சுவரில் ஒட்டியிருந்த விளக்க அட்டைகள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருந்தன. ஆங்கிலம் படித்துப் பட்டம் பெற்ற எனக்கே அவ்வாசகங்களில் பாதி விளங்கவில்லை. சட்டப் பிரிவுகளைப் படித்துப் பழகிய கண்களும் களைத்துப் போயின. எழுவாய் ஒரு மூலையிலும் பயனிலை ஒரு மூலையிலும் நின்றன. பொருளைச் செய்தவர் ஒருவராகவும் அட்டையை எழுதியவர் வேறொருவராகவும் இருப்பரோ என்ற சந்தேகம் இன்றளவும் எனக்கு உண்டு. அட்டையைப் படியாமல் பொருளை மட்டும் பார்த்த பெரியவர் என்னைவிட அதிகம் கண்டார் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவர் நெடுநேரம் நின்றது பாபி தாஸ் என்பவரின் படங்களுக்கு முன்னால். இவர் கல்கத்தாவில் ஆட்டோ ரிக்ஷா ஓட்டி வாழ்ந்தவர். வண்டி ஓட்டுகையில் கண்ட நகரத்தைச் சிறு சிறு துணிகளில் நுண்ணிய நூலால் தைத்திருந்தார். தொலைவிலிருந்து பார்ப்போர் அவற்றை வண்ணத்தால் எழுதிய சிற்றோவியம் என்றே எண்ணுவர். அருகே சென்றால்தான் ஊசியின் வேலை தெரியும். பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, நூலின் நம்பர் என்னவாக இருக்கும் என்று ஆராய்ந்தார். படத்தின் பக்கத்தில் பாபி தாஸ் என்று பெயர் எழுதியிருந்ததை என்னிடம் இருமுறை படித்துக் காட்டச் சொன்னார். "பொறந்ததுலேருந்து நூலோடவே கெடக்கறமுங்க. நம்ம பேரை ஒரு சுவத்துல பார்த்ததில்லீங்க" என்றார். குறையாகச் சொன்னதாகத் தோன்றவில்லை. ஒரு செய்தியாகச் சொன்னார்.

பிரியா ரவீஷ் மெஹ்ரா என்ற அம்மையாரின் துணிகளும் அவ்விழாவில் இடம்பெற்றன. கிழிந்த துணியில் இழைக்கு இழை கோத்து, கிழிசல் இருந்த இடம் தெரியாமல் செய்யும் ரஃபூ வேலைக்காரர்கள் உத்தரப் பிரதேசத்து நஜீபாபாதில் தலைமுறை தலைமுறையாக உள்ளனர். தம் குடும்பத்தின் பூர்வீக ஊரான அங்கே அவர்களிடையே பல ஆண்டு பழகி, அத்தொழிலை ஆராய்ந்தவர் அவ்வம்மையார். விழா தொடங்குமுன் 2018இலேயே அவர் காலமாகிவிட்டார். ரஃபூ வேலையின் சிறப்பு வேலை தெரியாமல் இருப்பது. வேலை தெரியாவிட்டால் வேலைக்காரனும் தெரிவதில்லை. அவரோ பழுது பார்த்த இடம் கண்ணுக்குத் தெரியும்படியே வைத்திருந்தார்.

இனிச் சட்டைகளைப் பற்றிச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த சூ வில்லியம்சன் என்ற மூதாட்டியின் படைப்பு அது. 'நூற்றுப் பத்தொன்பது விற்பனைப் பத்திரங்கள்' என்பது அதன் பெயர். நம் நாட்டிலிருந்து தருவித்த சாதாரணப் பருத்திச் சட்டைகளும் துணித் துண்டுகளும் கொடியில் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் கறுப்பு மையால் சில வரிகள் எழுதப்பட்டிருந்தன. ஒரு பெயர், வயது, பிறந்த இடம், விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், விலை. டச்சுக்காரரின் கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிச் சென்று தென்னாப்பிரிக்காவின் கேப் நகரத்தில் விற்ற அடிமைகளின் விவரங்கள் அவை. பழைய ஆவணங்களிலிருந்து அவ்வம்மையார் எடுத்தெழுதியவை. எழுதிய துணிகளை 2018 செப்டம்பரில் கேப் நகரத்தின் பழைய டச்சுக் கோட்டையில், அகழியின் சேற்று நீரில் தோய்த்து அங்கேயே கொடியில் உலர்த்தினார். பின்னர் அவை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பப்பட்டு, சலவை செய்து, கொச்சியில் தொங்கவிடப்பட்டன. நாங்கள் சென்றபோது கடற்காற்றில் கைகளை வீசிக்கொண்டிருந்தன.

கொச்சியை டச்சுக்காரர் 1663இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றி 1795 வரை ஆண்டனர். நம் கரையிலும் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் அவர்களுக்குக் கோட்டையும் பண்டகசாலையும் இருந்தன. சோழமண்டலக் கரைத் துணியை வாங்கிக் கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அதற்கு ஈடாக வாசனைப் பொருள்களைப் பெறுவது அவர்கள் வாணிகத்தின் அடிப்படை. அதே கரையிலிருந்து மனிதரையும் ஏற்றிச் சென்றனர். பஞ்ச காலங்களில் மிகுதியாக ஏற்றினர். கேப் நகரத்துப் பழைய ஆவணங்களில் அடிமைகளுக்கு உண்மைப் பெயர் இராது. எசமானர் இட்ட பெயரோடு வங்காளம், மலபார், சோழமண்டலம் என்று பிறந்த கரையின் பெயரே குடிப்பெயர்போல் ஒட்டியிருக்கும். துணிக்குத் தரமும் நீளமும் எழுதினர். மனிதனுக்கு வயதும் விலையும் எழுதினர்.

நான் நாள்தோறும் பதிவேடு பார்ப்பவன். பத்திகளின் அமைப்பைக் கண்டதும் என் கை தானாகக் கூட்டல் போடத் துணிந்தது. பெயர், வயது, இடம், தொகை. இப்பத்திகளில் பிழை எதுவும் இல்லை. ஒரு தணிக்கையாளன் ஆட்சேபம் எழுத இடமில்லாத பதிவு. இந்த எண்ணம் வந்தபோது எனக்கு வெட்கமாயிருந்தது.

பெரியவர் சட்டையின் ஓரத்தைப் பிடித்துப் பார்க்கக் கை நீட்டினார். காவலுக்கு நின்ற தன்னார்வப் பெண் புன்னகையோடு தலையசைக்கவே கையை மடக்கிக்கொண்டார். என்னருகே வந்து, "ஏனுங்க சார், இத்தனை பேரு பேரு எழுதியிருக்குதுங்க. வித்தவன் பேரு இருக்குது, வாங்கினவன் பேரு இருக்குது. இந்தத் துணிய நெஞ்சவன் பேரு எங்கீங்க?" என்று கேட்டார். "அது தெரியாதுங்க ஐயா. துணி இந்தியாவிலிருந்து போனது என்று மட்டும் போட்டிருக்கிறது" என்றேன். "நம்ம சங்கத்துல கேட்டாலும் அப்படித்தானுங்க சொல்லுவோம்" என்றார்.

இந்த ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. நம் சங்கங்களில் நெசவாளர் பெயர் இல்லாமலா போயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். இருக்கிறது. தறி உள்ள அங்கத்தினரின் பெயர் கூலிப் பட்டியலில் இருக்கிறது. அவர் பெற்ற நூலின் எடையும் கொடுத்த உருப்படியின் எண்ணிக்கையும் அதற்கெதிரே இருக்கின்றன. ஆனால் அந்த உருப்படிக்குத் தார் சுற்றியவர் யார்? பாவு ஓடியபோது மறுமுனையில் நின்றவர் யார்? கஞ்சி காய்ச்சியவர், அறுந்த இழையை முடிந்தவர் யார்? பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்கள். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு சங்கத்தில் நான் ஆய்வு செய்தபோது ஒரு முதிய அம்மாள் வந்து, நாற்பது ஆண்டு தார் சுற்றியதாகவும், தமக்கு ஓய்வூதியம் ஏதேனும் கிடைக்குமா என்றும் கேட்டார். பதிவேட்டைப் புரட்டினேன். அவர் கணவரின் பெயர் இருந்தது; அவர் இறந்த பின் மகனின் பெயர் இருந்தது. "உங்கள் பெயர் இல்லை அம்மா" என்று சொல்லி, அடுத்த காரியத்தைப் பார்க்கத் திரும்பினேன். பதிவேடு சரியாக எழுதப்பட்டிருந்தது என்று அன்று சான்றும் அளித்தேன்.

2019–20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி கைத்தறியிலும் அதன் துணைவேலைகளிலும் ஈடுபட்டோர் 35 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களில் நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர் பெண்கள். கணக்கெடுப்புக்காரர் வீடு வீடாகச் சென்று கேட்டதால் இவ்வெண் கிடைத்தது. சங்கப் பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்திருந்தால் கிடைத்திராது.

சட்டைகளை விட்டு வந்த பின் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பசியும் எடுத்தது. அருகிலுள்ள கப்ரால் வளாகத்தில் விழாவின் ஒரு பகுதியாகவே சோறு சமைத்துப் பரிமாறுகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சென்றோம். உண்ணத்தகும் ஆவணக் காப்பகம் என்று அதற்குப் பெயர். அனுமித்ரா கோஷ் தஸ்திதார் முதலிய சமையற்கலைஞர் சிலர், நாட்டின் பல பகுதிகளிலிருந்து மறைந்துவரும் பழைய நெல் வகைகளைத் தருவித்து, அந்தந்த அரிசிக்கேற்ற முறையில் சமைத்தனர். மஞ்சள் விவசாயியின் முகம் அன்று முழுதும் மலர்ந்தது அப்போதுதான். ஓவியம், சிற்பம் யாவற்றையும் பொறுமையோடு பார்த்து வந்தவர், இலையில் விழுந்த சோற்றை விரலால் நசுக்கிப் பார்த்து, "இது ஒண்ணுதானுங்க எனக்குப் புரிஞ்ச படம்" என்றார். அரிசியின் பெயர், எத்தனை நாள் பயிர், நீர் எவ்வளவு, கதிர் சாயுமா என்று பரிமாறியவரை விசாரித்தார். அவர் அறிந்த அளவு சொன்னார். நாங்கள் மேலும் ஒருமுறை வாங்கி உண்டோம். இவ்விழா தொடங்குவதற்கு ஆறு நாள் முன்பு, 2018 டிசம்பர் 6 அன்று, 170க்கு மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிச் சேர்த்துப் பரப்பிய நம் நெல் ஜெயராமன் காலமானார். அவர் பெயரை விவசாயிதான் நினைவுகூர்ந்தார். 2012இல் நடந்த முதல் விழாவிலும் அமர் கன்வர் என்ற திரைப்படக் கலைஞர் 266 வகை நாட்டு நெல் விதைகளைக் காட்சிக்கு வைத்திருந்தார் என்று பின்னர் படித்தறிந்தேன். நெல் மூட்டை அடுக்கத் தகுந்த கட்டடத்தில் ஒவ்வொரு வகையிலும் ஒரு கைப்பிடி.

விழாவின் கணக்கைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் என் உத்தியோகத்துக்கு அழகன்று. இத்தகைய விழா ஓவியரால் மட்டும் நடப்பதில்லை. தச்சர், மின்வேலைக்காரர், சுமைதூக்குவோர், காவலர் எனப் பல நூறு கைகள் வேண்டும். நாங்கள் பார்த்த விழா முடியும் தறுவாயில், 2019 மார்ச்சில், கட்டுமான வேலைக்குரிய தொகை நிலுவையில் உள்ளதென்று ஒப்பந்தக்காரர் தரப்பிலிருந்து பகிரங்கமாகப் புகார் எழுந்தது. விழா நடத்தியோர் அந்தக் கணக்கை ஒப்பவில்லை. இரு தரப்புச் செய்திகளும் நாளிதழ்களில் வந்தன. யார் கணக்கு சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் தகுதியுடையவன் அல்லேன். அந்நியப்படாத வாழ்வைப் பற்றிப் பேசிய விழாவில், பந்தல் போட்டவரின் கூலியைப் பற்றி வழக்கு எழுந்ததே என்ற வருத்தம் எனக்கு உண்டு. கொரோனாத் தொற்றின் காரணமாக 2020இல் நடைபெற வேண்டிய அடுத்த விழா 2022 டிசம்பருக்குத் தள்ளிப்போயிற்று. அதிலும் முதன்மைக் கண்காட்சி குறித்த நாளில் ஆயத்தமாகாமல், 12ஆம் தேதிக்குப் பதில் 23ஆம் தேதி திறக்கப்பட்டது. வேலை செய்யும் கைகளையும் நாள்களையும் முன்கூட்டிக் கணக்கிடாத குறையை நம் சங்கங்களிலும் நான் பார்த்ததுண்டு.

இவ்வளவையும் கண்ட பின் ஒரு கேள்வி எனக்கு எழுந்தது. நம் மாவட்டங்களில் மூடிக் கிடக்கும் நூற்பாலைகளும் சங்கக் கிடங்குகளும் எத்தனை! கூரை ஓடு சரிந்து, வாயிலில் முள் வளர்ந்து, ஏலத்துக்குக் காத்திருப்பவை. அவற்றின் மதிப்பைக் கணக்கிடும்போது நிலத்தின் விலையை எழுதுகிறோம், இரும்பின் விலையை எழுதுகிறோம். அங்கே எவர் எவர் வேலை செய்தனர் என்ற பட்டியல் பெரும்பாலும் கரையான் வாயில் போய்விடுகிறது. எல்லாக் கிடங்கிலும் கலைவிழா நடத்த இயலாது; நடத்தவும் வேண்டியதில்லை. நெல்லும் நூலும் அடுக்க இடம் தேடும் சங்கங்கள் இன்னும் உள்ளன. ஆனால் ஏலத்துக்கு விடுமுன் பழைய வருகைப் பதிவேடுகளையும் கூலிப் பட்டியல்களையும் எடுத்துப் பத்திரப்படுத்துவதற்குச் செலவு அதிகமாகாது. ஒரு தகரப் பெட்டி போதும்.

அன்றிரவு எர்ணாகுளத்தில் வண்டி ஏறினோம். பெரியவர் கீழ்ப்படுக்கையில் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்த சிறு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பாலக்காடு தாண்டிய பின் அதை என்னிடம் நீட்டினார். தம் தெருவில் தார் சுற்றும் பெண்களின் பெயர்களை நினைவுக்கு வந்த வரிசையில் எழுதியிருந்தார். நாலைந்து இடங்களில் பெயருக்குப் பதில் இன்னார் சம்சாரம், இன்னார் அம்மா என்றிருந்தது. பக்கத்து வீட்டில் ஐம்பது ஆண்டாகப் பார்த்து வருபவரின் பெயர் தமக்குத் தெரியவில்லையே என்று சொல்லிச் சிரித்தார்.

அடுத்த மாதக் கூலிப் பட்டியலில் அப்பெயர்களைச் சேர்க்க அவர் முயன்றார். அச்சடித்த படிவத்தில் அதற்குப் பத்தி இல்லை. நிர்வாகக் குழுவில் இருவர், இன்று பெயர் எழுதினால் நாளைக்குக் கூலியும் தனியே கேட்பார்கள் என்று தடை சொன்னார்கள். கேட்கட்டும் என்றார் பெரியவர். விவாதம் இரண்டு கூட்டங்களுக்கு நீண்டது. முடிவில், படிவத்தின் இடது ஓரத்தில் உள்ள வெற்றிடத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வதென்று தீர்மானமாயிற்று. அவ்வாண்டு ஆய்வுக்கு நான் சென்றபோது அப்பென்சில் எழுத்துகளைக் கண்டேன். பதிவேட்டில் பென்சிலால் எழுதலாகாது என்பது விதி. மையால் எழுதும்படி குறிப்பெழுதி, கையொப்பமிட்டு வந்தேன். அந்த முதிய அம்மாளின் ஊருக்கும் ஒரு நாள் சென்று விசாரித்தேன். அவர் மகளுடன் திருப்பூரில் இருப்பதாகச் சொன்னார்கள். முகவரி கேட்டு வாங்கி வந்திருக்கிறேன்.